வெயிலில் வைத்துப் பார்த்த டிவி

நித்யா, கோகுல், இந்த வாரப் பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் நீங்கள் இரண்டு பேரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். இதில் இருப்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். கடைசியில் கொஞ்சம் மட்டும் தெரியாது. அதை நீங்கள் படித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தால் போதும்.

ஓரிக்கை ரோட்டில் நான் சைக்கிள் கற்றுக்கொண்டு எருமை மேல் விழுந்ததைப் போன வாரம் எழுதினேன். இதையெல்லாம் ஏன்பா ஊருக்குச் சொல்ற என்று கோகுல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இந்த வாரம் எருமை இல்லை. டிவிதான்.

காட்சி இதுதான். காலை வெயில் எதிர்வீட்டுச் சுவரைத் தாண்டி எங்கள் தெருவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் எங்கள் வீட்டு டிவி. உள்ளேயிருந்து வயரோடு வயரை முடிச்சுப் போட்டு இழுத்து வந்திருக்கிறது. டிவிக்கு முன்னால் ஒரு ஆள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெற்றியில் கையை வைத்து நிழல் பிடித்தபடி, குனிந்து குனிந்து பார்க்கிறான். டிவிக்குள் நிற்கும் ஒரு பெண்ணின் புடவை என்ன நிறம் என்று கண்டுபிடிக்க முயற்சி செய்கிறான்.

அந்த ஆள் நான். கோலம் போட வந்த பக்கத்து வீட்டு அம்மா மாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாப்பா, டிவியை விக்கப் போறியா?"

இல்லை, புடவை பார்க்கிறேன் என்றேன். அவர் கோலத்தை அவசரமாக முடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என் உத்தியோகம்

நான் ஏன் அப்படி நின்றேன் என்று சொல்ல, முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும்.

பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. பட்டுப் புடவைக் கடையில் சேர்ந்தேன். புடவையைப் பிரித்துக் காட்டுவதில் எனக்கு நல்ல திறமை. திரும்ப மடிப்பதில்தான் தகராறு. நான் மடித்த புடவையை அலமாரியில் வைத்தால் அது மட்டும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முதலாளி அதைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விடுவார்.

அப்புறம் எல்லார் கையிலும் போன் வந்தது. வெளியூர்க்காரர்கள் போட்டோ அனுப்பு, போட்டோ அனுப்பு என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடையில் யார் போட்டோ எடுப்பது என்று முதலாளி சுற்றிப் பார்த்தார். எல்லாரும் வேலையாக இருந்தார்கள். நான் ஒருவன்தான் சும்மா நின்றிருந்தேன். அன்றைக்குக் கிடைத்த பதவிதான் இது. திறமை பார்த்துக் கொடுத்தது என்று உங்கள் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

புடவையைப் போட்டோ எடுப்பது லேசான வேலை இல்லை, பிள்ளைகளே. அட்டை மேல் முந்தானையை விரித்து, பின்பக்கமெல்லாம் குண்டூசி குத்தி இழுத்துக் கட்ட வேண்டும். முன்னால் பார்த்தால் மகாராணி. பின்னால் போய்ப் பார்த்தால் முள்ளம்பன்றி. விளக்கை ஒரு பக்கம் சாய்த்து, எண்ணெய்க் காகிதத்தைக் குறுக்கே பிடித்தால் சரிகை விளக்கு மாதிரி எரியும். அந்த நொடியில் அமுக்கிவிட வேண்டும்.

புடவை போய்ச் சேர்ந்ததும் போன் வரும். போட்டோவில் பார்த்த மாதிரி இல்லையே என்பார்கள். அதற்கும் நான்தான் பதில். ஸ்கிரீனுக்கு ஸ்கிரீன் கலர் கொஞ்சம் மாறும்மா, ஒரு வாட்டி கட்டிப் பாருங்கம்மா, கட்டினா தனியா தெரியும் என்பேன். நாளைக்கு நாலு முறையாவது சொல்லுவேன். தூக்கத்திலும் சொல்லுவதாக உங்கள் அம்மா சொல்கிறாள்.

ஆனால் நேரில் கடைக்கு வருகிறவர்கள் ஏமாற மாட்டார்கள். கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள், பிடித்த புடவையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடை வாசலுக்கு வந்துவிடுவார்கள். கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, வெயிலில் மடிப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்த்து ஒருவர் தலையாட்டினால், அவர் காஞ்சிபுரத்துக்குப் புதுசு என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். நிறத்துக்கு வெயில்தான் சாட்சி. இது எனக்கு எலும்பில் ஏறிப்போன பழக்கம்.

மயில் கழுத்து

நித்யா பன்னிரண்டாவது முடித்ததும், கம்ப்யூட்டரில் விளையாட்டுக்குப் படம் செய்கிற படிப்பு படிக்கப் போகிறேன் என்றாள். சென்னையில் ஒரு கல்லூரி. நான் பி.காம். என்றேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்குது, மதியம் சாப்பிட வந்துவிடலாம் என்று என் தரப்பு நியாயத்தை எடுத்து வைத்தேன். படிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான்.

அவள் சண்டை போடவில்லை. ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்து வரப்போகிற ஒரு கேமின் டிரெய்லர். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று செய்தது. துறைமுகத்து ஊர், மழை விட்ட சாயங்காலம். தெருவெல்லாம் தண்ணீர் தேங்கி, ஒவ்வொரு குட்டையிலும் ஒரு விளக்கு மிதக்கிறது. சந்தை நிறைய ஜனம். அதற்கு நடுவில் ஒரு பெண் நடந்து வந்து, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்க்கிறாள்.

அவள் திரும்பியபோது என் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்துவிட்டது.

அவள் புடவை மாதிரி சுற்றியிருந்த துணி மயில் கழுத்து நிறம். நம் ஊரில் பாவுக்கு, அதாவது நீளவாட்டு இழைக்கு, ஒரு நிறமும், குறுக்கே ஓடுகிற ஊடைக்கு வேறு நிறமும் போட்டு நெய்வோம். நேராகப் பார்த்தால் நீலம். மடிப்பு திரும்பும்போது உள்ளேயிருந்து பச்சை எட்டிப் பார்க்கும். அந்தப் பெண் திரும்பிய அந்தக் கணத்தில், அதே இடத்தில், அதே மாதிரி பச்சை எட்டிப் பார்த்தது.

இதைச் செய்தவன் தறியில் உட்கார்ந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். கம்ப்யூட்டர்லதான் உட்கார்ந்திருப்பான் என்றான் கோகுல். நீ படிக்கப் போறது இதுதானா என்று நித்யாவைக் கேட்டேன். இதேதான் என்றாள். சரி, போ என்றேன்.

அதோடு நின்றிருந்தால் மரியாதை மிஞ்சியிருக்கும். அந்த டிரெய்லரைக் கடையில் எல்லாருக்கும் காட்டினேன். முதலாளிக்குக் காட்டினேன். டீக்கடையில் காட்டினேன். முசரவாக்கத்தில் விவசாயம் பார்க்கும் என் மச்சான் ஏகாம்பரத்துக்கு இரண்டு தடவை காட்டினேன். பொம்மை வரையறதுக்கு ஒரு காலேஜா மாமா என்று அவன் கேட்டிருந்தான். கேம் வரட்டும், பெரிய டிவியில் வந்து பாரு மச்சான், அப்புறம் பேசு என்று சொல்லி வைத்தேன்.

தார்ப்பாய்

கேம் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வந்தது. ஏகாம்பரத்தின் மகன் கேம் போடுகிற புதுப் பெட்டி வாங்கியதால் பழைய பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அதில்தான் போட்டோம். திங்கட்கிழமை நித்யாவைக் கல்லூரியில் சேர்க்கச் சென்னைக்குப் போக வேண்டும். வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது. ஏகாம்பரம் வறுத்த வேர்க்கடலையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டான். நான் எழுந்து நின்று, இப்போ பாருங்க, அந்தப் பொண்ணு திரும்புவா என்று எல்லாருக்கும் அறிவிப்பு கொடுத்தேன்.

துறைமுகம் வந்தது. தெரு காய்ந்து கிடந்தது. குட்டையைக் காணோம். சந்தையில் நாலைந்து பேர், ஒரு ஆடு. கோகுல் படத்தை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடினான். தண்ணி எங்கப்பா போச்சு என்று என்னைக் கேட்டான், நான்தான் இறைத்து ஊற்றிய மாதிரி.

அந்தப் பெண் வந்தாள். கோகுல் பொத்தான் கட்டையை அமுக்கி அவளைத் திருப்பினான். நீலம். பிறகும் நீலம். மடிப்பு என்று ஒன்று இருந்ததே தவிர, அதற்குள் ஒன்றும் இல்லை. துணி அவள் உடம்பில் ஒட்டி வைத்த மாதிரி இருந்தது.

ஏகாம்பரம் நிதானமாக ஒரு கடலையை உடைத்தான். "இதான் அந்தப் பட்டா மாமா? எங்க களத்துல நெல்லு மேல போத்துவோமே, அந்தத் தார்ப்பாய் மாதிரி இருக்குது."

உங்கள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இருமல் சத்தம் கேட்டது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

டியூப் லைட்டைக் குறை சொன்னேன். டிவியைக் குறை சொன்னேன். பழைய பெட்டி கொடுத்த மச்சானைக்கூட ஜாடையாகச் சொன்னேன். புதுப் பெட்டியிலும் இப்படித்தான் இருக்குது, என் பையன் பார்த்துட்டான் என்றான் அவன். போகும்போது என் தோளில் கை வைத்து, பேசாம பி.காம். சேத்துடு மாமா என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்த ஆறுதல்தான் தார்ப்பாயைவிட வலித்தது.

வாசலில்

விடியும்போதே எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. நேற்று நாம் டியூப் லைட்டில் அல்லவா நிறம் பார்த்தோம். இத்தனை வருஷம் பட்டுக் கடையில் இருந்தும் இந்தத் தப்பைச் செய்யலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. டிவியைத் தூக்கி வாசலில் வைத்தேன்.

வெயில் பட்டதும் டிவி கறுப்பாகிவிட்டது. துறைமுகமும் இல்லை, பெண்ணும் இல்லை. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெளிவாகத் தெரிந்தது. அதற்குக் கீழே நெற்றியில் கை வைத்த ஒரு முகம் தெரிந்தது. தலைமுடி கொஞ்சம், கவலை நிறைய. நான் இந்தப் பக்கம் சாய்ந்தால் அதுவும் சாய்ந்தது. கோபத்தோடு பார்த்தேன். அதுவும் என்னைக் கோபத்தோடு பார்த்தது.

டிவியை உள்ளே தூக்கிக்கொண்டு வந்தேன். கால் இடுக்கில் வயர் மாட்டி ஒரு நாற்காலி கவிழ்ந்தது. அந்தக் கோபத்தில்தான் சொன்னேன். ஒண்ணைக் காட்டி ஒண்ணைத் தர்ற தொழில் நமக்கு வேணாம், நாளைக்கு யாரும் சென்னைக்குப் போகப் போறதில்லை என்று.

உங்கள் அம்மா கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. நித்யா தலை பின்னிக்கொண்டிருந்தாள். பாதிப் பின்னலைக் கையில் பிடித்துக்கொண்டே என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒன்னு கேக்கட்டா? போட்டோ எடுக்கிறியே, அந்தப் புடவைக்கு எவ்ளோ குண்டூசி குத்துவ?"

எண்ணியதில்லை என்றேன்.

"அந்தக் குண்டூசியோட அதைக் கட்டிக்கினு யாராச்சும் நடக்க முடியுமா?"

"எப்படி நடப்பாங்க? கிழிச்சிடும்."

"டிரெய்லர்ல வர்ற பொண்ணு, அந்த ஒரு தெருவுல ஒரு வாட்டி திரும்பினா போதும்பா. கேம்ல இருக்கிறவ நடக்கணும். ஓடணும், ஏறணும், கடல்ல விழணும். கோகுல் எந்தப் பக்கம் திருப்புவான்னு யாருக்கும் தெரியாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த நொடியே மிஷின் வரைஞ்சி குடுக்கணும். அதான் குண்டூசியை எடுத்துட்டாங்க."

எனக்குப் புரிந்தது. புரிந்துவிட்டதே என்ற எரிச்சலில், அப்படின்னா இது குண்டூசி குத்தின படம்னு மொதல்லயே சொல்லணும் இல்ல என்றேன்.

"நீ சொல்றியா?" என்றாள்.

கோகுல் சட்டென்று தரையைப் பார்த்தான். சமையலறையில் மறுபடியும் இருமல்.

என் டிரெய்லர்

உங்கள் அம்மா தூக்குச் சட்டியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அன்றைக்கு முசரவாக்கத்தில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். மூன்று பேரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "கேம்காரனை விடுங்க. உங்க போட்டோவைப் பாத்துட்டுத்தானே எங்க அப்பா சரின்னாரு" என்றாள்.

இதை நான் இதுவரை இந்தத் தொடரில் எழுதாமல் தப்பித்து வந்தேன்.

பெண் பார்க்கும் முன்னால் போட்டோ கேட்டார்கள். ஸ்டுடியோவுக்குப் போனேன். பின்னால் ஏரியும் வெள்ளை மாளிகையும் வரைந்த திரை. ஸ்டுடியோக்காரர் முகத்துக்கு மாவு போட்டார், கோட்டு போட்டுவிட்டார். கோட்டு பெரிதாக இருந்ததால் முதுகுப் பக்கம் துணி கிளிப் மாட்டினார். கழுவி வந்த படத்தில் என் முன்நெற்றியில் கொஞ்சம் முடி கூடியிருந்தது. அது எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. வந்ததை ஏன் விரட்ட வேண்டும்.

அப்புறம் நேரில் போனேன். உங்கள் தாத்தா என்னை வரவேற்று உட்கார வைத்து, மோர் கொடுத்து, ரொம்ப நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் என் சித்தப்பாவிடம் மெதுவாக, மாப்பிள்ளை பின்னாடி பஸ்ஸில் வர்றாரா என்று கேட்டார்.

அப்போது உள்ளே யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இருபது வருஷத்துக்கும் மேலாகச் சமையலறையிலிருந்து இருமலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்போ ஏன் என்னைக் கட்டிக்கிட்ட என்று இந்த ஞாயிற்றுக்கிழமைதான் உங்கள் அம்மாவைக் கேட்டேன். நீங்க மோர் குடிச்ச டம்ளரை எடுத்துக்கினு போய் குழாயடியில கழுவி வெச்சீங்க, அது போட்டோல இல்ல என்று சொல்லிவிட்டுத் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

நித்யா கடைசியாகச் செருப்பு மாட்டினாள்.

"எனக்கும் கஷ்டமாத்தாம்பா இருக்குது. அந்த மழைத் தெருவை நான் எவ்ளோ வாட்டி பாத்திருப்பேன்னு உனக்கே தெரியும். எதெது போச்சு, ஏன் போச்சுன்னு தெரிஞ்சிக்கணும்னுதான் படிக்கிறேன்றேன்." இன்னொரு செருப்பையும் மாட்டினாள். "அப்பாவோ அம்மாவோ கூட வந்தாத்தான் சேத்துப்பாங்க. நீதான் வரணும்னு நெனச்சேன். அப்புறம், வெயில்ல பாக்கணும்னா டிவியைத் தூக்கக் கூடாது. அந்தப் பொண்ணைக் கூட்டிக்கினு போய் வெயில்ல நிறுத்தணும்."

சிரித்துக்கொண்டு சொன்னாளா, கோபத்தில் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. வெயில் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அவர்கள் ஊர் வெயில்

வீடு காலியாகிவிட்டது. நான் கோபமாக இருக்கிறேன் என்று காட்டவேண்டிய ஆட்கள் யாரும் இல்லாததால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு டிவியைப் பழைய இடத்தில் மாட்டி, கோகுல் விளையாடுகிற அந்தக் கட்டையைக் கையில் எடுத்தேன். அதைத் தொட்டது அதுதான் முதல்முறை.

முதலில் அந்தப் பெண் சுவரில் போய் முட்டினாள். வேறு பொத்தானை அமுக்கியதும் மீன் விற்கிற கிழவரை உதைத்தாள். மன்னிப்புக் கேட்கப் பொத்தான் இருக்கிறதா என்று தேடியதில் கடலில் குதித்துவிட்டாள். வெளியே கொண்டுவர எனக்கு வியர்த்துவிட்டது. கடைக்குப் போகிற வழியில் இவளை நேரில் பார்த்தால் தலை குனிந்துதான் போவேன்.

அப்போது டிவிக்குள் அவர்கள் ஊரில் இருட்டிவிட்டது. விளக்குக் கம்பத்துக்கு அடியில் அவளை நிறுத்தினேன். எதிரே கிழக்குப் பார்த்த படிக்கட்டு ஒன்று தெரிந்தது. கடலிலிருந்து வெயில் வந்தால் முதலில் அங்கேதான் விழும். தட்டுத் தடுமாறி அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கட்டையை மடியில் வைத்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருந்தேன். அடுப்பில் உங்கள் அம்மா வைத்துவிட்டுப் போன குழம்பு ஆறியது. அவர்கள் ஊரில் பொழுது சீக்கிரம் விடிகிறது. சோம்பேறிகளுக்கு ஏற்ற ஊர் இல்லை.

வெயில் வந்தது. பெருவிரலால் அவளை மெதுவாகத் திருப்பினேன். நீலம். இந்தப் பக்கம் திருப்பினேன். நீலம்தான். மச்சான் சொன்னது சரி என்று கட்டையைக் கீழே வைக்கப் போனபோது விரல் எதையோ அமுக்கிவிட்டது. அவள் ஒரு படி மேலே ஏறினாள்.

முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு மடிப்பு விரிந்தது. அதற்குள் ஒரு இழை அகலத்துக்குப் பச்சை.

மறுபடியும் இறக்கி, மறுபடியும் ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் அங்கே இருந்தது. டிரெய்லரில் இருந்த மாதிரி எரியவில்லை. தேடினால்தான் தெரிகிறது. அந்தக் கம்பெனியில் யாரோ ஒருவர், மழைத் தண்ணீரை விட்டு, சந்தை ஜனத்தை விட்டு, இந்த ஒரு இழையை மட்டும் விடாமல் பிடித்து வைத்திருக்கிறார். நடக்கிற பெண்ணுக்கும் குத்தாத இடமாகப் பார்த்து.

ஏமாற்றியது ஏமாற்றியதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இருந்தாலும் அவளை ரொம்ப நேரம் படியேற்றிக்கொண்டிருந்தேன்.

பெட்டியை அணைக்க எனக்குத் தெரியவில்லை. எதையாவது அமுக்கி அவள் மறுபடியும் கடலில் விழுந்துவிடப் போகிறாளே என்று பயமாக இருந்தது. வெயிலிலேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, பீரோவிலிருந்து என் வெள்ளைச் சட்டையை எடுத்தேன். நாளைக் காலை சென்னை பஸ்ஸுக்குப் போட்டுக்கொள்ள இருப்பதிலேயே நல்லது அது ஒன்றுதான். இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றி, முன்பக்கம் முடித்து, திருப்பிப் போட்டு, யாரும் பார்க்காத முதுகுப் பக்கத்தையும் தேய்த்தேன்.